பசிக்கு ஏன் வெட்கம்?

நம் மன்றக் கூட்டங்களில் பேசப்படாத பொருள் இல்லை. மொழி பேசுகிறோம், அரசியல் பேசுகிறோம், தில்லிக் குளிரை வாயாரப் பழிக்கிறோம். ஆனால் மாதத்தின் கடைசிப் பத்து நாட்களில் நம்மில் எத்தனை பேர் தேநீரும் ஐந்து ரூபாய்ப் பிஸ்கோத்துமே இரவு உணவாகக் கொண்டு படுத்துவிடுகிறோம் என்பதை மட்டும் எவரும் பேசுவதில்லை. கேட்டால், "வயிறு சரியில்லை" என்பார் ஒருவர்; "இந்த ஊர் ரொட்டி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பார் இன்னொருவர். ஒத்துக்கொள்ளாதது வயிறா, சட்டைப் பையா என்பது உடனிருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்பதில்லை. அதற்குப் பெயர் நாகரிகமாம்!

பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தவர் சிலரே. ஏனையோர் விஜயநகரிலும் முகர்ஜி நகரிலும் ஓர் அறையை மூவராய்ப் பகிர்ந்துகொண்டு வாழ்கிறோம். வாடகை கேட்பவர் தேதி தவறாமல் வருகிறார். வீட்டுப் பணமும் உதவித்தொகையும் அப்படி வருவதில்லை. சென்ற ஆண்டு எனக்கு வரவேண்டிய தொகை நான்கு மாதம் கழித்து மொத்தமாக வந்தது. நான்கு மாதத்துப் பசியை மொத்தமாக உண்டு தீர்க்க முடியுமா? வாடகையைக் குறைக்க முடியாது. தேர்வுக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. நம் கையில் குறைக்கக் கிடைத்தது வயிறு ஒன்றுதான்.

நாம் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை எண்ணினால் இந்த மௌனம் இன்னும் விந்தையாக இருக்கிறது. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு பரவியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. நானே அந்தச் சத்துணவையும் முட்டையையும் உண்டு வளர்ந்தவன். தட்டேந்தி வரிசையில் நின்றபோது எனக்கு வெட்கம் தோன்றியதில்லை. என்னுடன் நின்றவர்களுக்கும் தோன்றியதில்லை. படிக்கிற பிள்ளை பசித்திருக்கக் கூடாது என்பது அங்கே ஊரறிந்த நியாயம். அதே பிள்ளை இருபது வயதில் ரயிலேறித் தில்லி வந்ததும், பசி அதன் சொந்த விவகாரம் ஆகிவிடுகிறதே, இது எந்த நியாயம்?

விஞ்ஞானம் படிப்பவன் என்பதால் கொஞ்சம் கணக்கும் சொல்லி விடுகிறேன். நம் நீலகிரிக் குன்னூரில் இருந்த ஆய்வுக்கூடம்தான் 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அதன் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் அன்றாடம் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். அரிசியும் கோதுமையுமாக 350 கிராம் தானியம் உண்டால் ஏறத்தாழ 30 கிராம் கிடைத்துவிடும். மீதி 20? அதைத் தேநீரும் பிஸ்கோத்தும் தரமாட்டா. தேநீர், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதையும் தடுக்கிறது.

மீதியைத் தருவது நம் அறைவாசலிலேயே கிடைக்கிறது. பீகார் மாணவர்கள் அதைச் 'சத்து' என்றே அழைக்கிறார்கள். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான், ஆனாலும் எவ்வளவு பொருத்தம்! வறுத்த கடலையின் மாவு அது. நூறு கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக உள்ள லைசின் கடலையில் நிறைய இருப்பதால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. தண்ணீரில் கரைத்து, உப்பும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்தால் ஆயிற்று. எலுமிச்சையின் வைட்டமின் சி, கடலையின் இரும்பை உடல் ஏற்கத் துணை செய்கிறது. குளிர்காலத்தில் இங்கே 'பத்துவா' என்று கூவி விற்கும் கீரை நம் ஊர்ச் சக்கரவர்த்திக் கீரையே. நம்மவர் பலர் அதை ஏதோ வடநாட்டுப் புல் என்று கடந்து போகிறோம். நோயாளிக்கு ஆப்பிள் வாங்கிச் செல்கிறோம். அதைவிடப் பன்மடங்கு வைட்டமின் சி உள்ள கொய்யா தள்ளுவண்டியில் மலிவாகக் கிடக்கிறது.

ஆனால் கீரை உண்க, பயறு உண்க என்று பசித்தவனுக்கு உபதேசம் செய்துவிட்டு ஒதுங்குவோர் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். கீரையை எங்கே வேகவைப்பது? அறையில் அடுப்பு வைத்தால் வீட்டுக்காரர் பெட்டியைத் தெருவில் வைப்பார். இங்கே குறைவது அறிவு அன்று. ஓர் அடுப்பும், மாதக் கடைசியில் கையில் ஐம்பது ரூபாயும்தான். சத்து மாவை நான் இவ்வளவு புகழ்வது அதற்கு அடுப்பு வேண்டாம் என்பதற்காகவே.

ஆகவே மன்றத்துக்கு ஒன்று சொல்வேன். பொங்கல் விருந்துக்கு நாம் திரட்டும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குவோம். வடையில் ஒன்று குறைந்தால் பொங்கல் கெட்டுவிடாது. மன்ற அறையின் அலமாரியில் சத்து மாவு, வறுத்த கடலை, வேர்க்கடலை, எலுமிச்சை இவை எப்போதும் இருக்கட்டும். பெயர் எழுதும் ஏடு வேண்டாம், பூட்டும் வேண்டாம். ஏடு வைத்த அன்றே, உண்மையில் பசித்தவர் வரமாட்டார்.

"கணக்கில்லாமல் வைத்தால் களவு போகுமே" என்று பொருளாளர் கேட்பார். கேட்க வேண்டியது அவர் கடமை. போகட்டுமே! நான்கு கிலோ கடலை மாவைத் திருடி எவர் என்ன மாளிகை கட்டப் போகிறார்? அப்படித் திருடுபவரும் நம்மில் பசித்த ஒருவராகத்தான் இருப்பார்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். தீர்மானம் நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டாம் என்று இந்தத் திங்கட்கிழமை முதல் இரண்டு கிலோ மாவை நான் அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். எலுமிச்சை வாங்கி வருபவர் யார்?