கீழடி அறிக்கை: வரலாற்றுக்கு 'ஓகே' சொல்வது யார்?

சிவகங்கை மாவட்டத் தென்னந்தோப்பில் கிடைத்த பானை ஓட்டுக்கு வயது என்ன? அறிவியல் கேள்விதான். ஆனால் அதற்கான பதில் அதிகாரபூர்வ வரலாறாக மாற, டெல்லி திலக் மார்க்கில் இருக்கும் ஓர் அலுவலகம் தலையசைக்க வேண்டும்.

என்ன நடந்தது?

கீழடியில் முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்தியவர் இந்தியத் தொல்லியல் துறை (ஏஎஸ்ஐ) அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா. 2017-ல் அவர் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கையைக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து, 2025 மே மாதம், 'திருத்திக் கொடுங்கள்' என்று கடிதம் வந்தது. கீழடியின் தொடக்கம் பொ.ஆ.மு. 8-ம் நூற்றாண்டு என்கிறார் அவர். அதிகபட்சம் பொ.ஆ.மு. 300-க்குச் சற்று முன்புதான் என்கிறது ஏஎஸ்ஐ. அவர் திருத்த மறுத்தார். அடுத்த மாதமே மறுபடியும் இடமாற்றம்.

திருத்தச் சொன்னது தப்பா?

இல்லை. நிபுணர்கள் கேள்வி கேட்பது ஆய்வில் சகஜம். சிக்கல் வேறு இடத்தில். சர்ச்சை வெடித்தபோது அந்த அறிக்கையே வெளியாகியிருக்கவில்லை. அப்புறம் யார் சொல்வது சரி என்று நீங்களும் நானும் எப்படிச் சரிபார்ப்பது?

ஒப்பிட்டுப் பாருங்கள். 2018 முதல் அங்கே தோண்டும் தமிழ்நாடு தொல்லியல் துறை, 2019-லேயே தன் முடிவுகளை வெளியிட்டது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் பொ.ஆ.மு. 580 என்றது அமெரிக்க ஆய்வகம். அதற்கும் விமர்சனம் வந்தது. ஆனால் விமர்சிக்க கையில் ஒரு ஆவணம் இருந்தது.

அதிகாரம் எங்கே ஒளிந்திருக்கிறது?

'இது பொய்' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தாமதம் போதும். ஆதிச்சநல்லூரில் 2004-05-ல் நடந்த அகழாய்வின் அறிக்கைக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். மாநில அரசே தோண்டினாலும் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அனுமதி, நிதி, இடமாற்றம், அச்சு: நான்கு சாவியும் ஒரே கையில்.

அப்போ சென்னை சொல்வதை அப்படியே நம்பலாமா? அதுவும் வேண்டாம். பழைமையில் பெருமை தேடும் அரசியல் இங்கேயும் உண்டு. சொல்வது டெல்லியோ சென்னையோ, நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தரவு எங்கே? அதைக் காட்டாதவரை, காலத்தை முடிவு செய்வது மண்ணடுக்கு அல்ல, நாற்காலி.