பாலாவித் தீர்த்தம்: உரிமையும் கடமையும்

மாசித் திங்களில் மகா சிவராத்திரி வந்தெய்தும் போது, முசலிப் பகுதிச் சைவ மக்கள் அருவியாற்றைக் கடந்து மாந்தைக்குச் செல்வர். பாலாவியில் நீராடி, அந்நீரையே குடத்தில் முகந்து சென்று, திருக்கேதீச்சரத்து மகாலிங்கப் பெருமானுக்குத் தம் கையாலேயே முழுக்காட்டுவர். வயலில் உழைக்கும் கமக்காரனும் வழக்காடும் நியாயவாதியும் அங்கே ஒரே வரிசையில் நிற்பர். அந்தக் குடத்தின் முன் பட்டமும் பதவியும் செல்லா.

இத்தீர்த்தத்தின் பழமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் இது. சுந்தரர் தம் பதிகத்திலே பாலாவிக் கரையில் உறையும் பெருமான் என்றே போற்றினார். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் கோயிலைத் தகர்த்தனர். கருவறை போயிற்று, கோபுரம் போயிற்று. ஆயினும் பாலாவி போகவில்லை. தேவாரத்தில் நின்ற அந்தப் பெயரும், மண்ணிலே கிடந்த அந்த நீர்நிலையுமே இழந்த கோயிலுக்குச் சாட்சி கூறின. 1872இல் ஆறுமுக நாவலர் இத்தலத்தை மறந்து கிடந்த மக்களைத் தட்டியெழுப்பினார். 1894இல் புதையுண்டிருந்த இலிங்கம் வெளிப்பட்டது. 1948இல் சேர் கந்தையா வைத்தியநாதன் முதலியோர் முயற்சியால் திருப்பணிச் சபை அமைந்தது. பின் போர் வந்தது. 1990இல் மக்கள் பெயர்ந்தனர். கோயிற் சூழல் படையினர் வசமாயிற்று. அத்தனை இடரையும் கடந்து, இந்திய அரசின் உதவியோடு கருங்கற் கோயிலாய் எழுந்து, 2022 ஜூலை 6ஆம் நாள் குடமுழுக்குக் கண்டது.

கோயில்தான் எழுந்துவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்போர் உளர். அவர்க்கு நாம் கூறும் விடை இது: கல்லைக் கடல் கடந்தும் கொண்டுவரலாம், தீர்த்தத்தை அவ்வாறு கொண்டுவர இயலாது. அது அங்கேயே ஊறவேண்டும். அங்கேயே தேங்க வேண்டும். தீர்த்தம் வாழ இரண்டு வேண்டும். ஒன்று, நீர் வருதல். மற்றொன்று, மக்கள் செல்ல வழி திறந்திருத்தல்.

முதலில் நீரை நோக்குவோம். மன்னார்ப் பெருநிலத்தின் உயிர்நாடி அருவியாறு. றிட்டிகல மலைப்புறத்தே தோன்றி, அனுராதபுரத்தைத் தழுவி, 164 கிலோமீற்றர் ஓடி நம் கடலிற் கலப்பது. தேக்கம் அணையில் அதன் நீரை மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பியே மாந்தை வயல்கள் விளைகின்றன. மேலே ஒரு வாய்க்கால் தூர்ந்தாலும், ஒரு குளத்தின் அலைகரையை ஒருவர் வளைத்துக் கொண்டாலும், கீழே உள்ள தாழ்நிலம் அதை உணரும். ஆகவே தீர்த்தக் காவல் என்பது குருக்களின் வேலை மட்டுமன்று. கமக்காரர் வேலையும் ஆகும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் சிறு குளங்களையும் வாய்க்கால்களையும் சேதப்படுத்துவோர்க்கு எதிராக நடவடிக்கை எடுக்க இடமளிக்கிறது. கமக்காரர் அமைப்புகளுக்கும் இடந்தருகிறது. ஏட்டில் உறங்கும் இச்சட்டத்தை எழுப்புவோர் யார்? நாமே அன்றோ!

இனி வழியை நோக்குவோம். நாட்டின் அரசியலமைப்பு ஒன்பதாம் உறுப்புரையில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்குகிறது. ஆயினும் அதே உறுப்புரை பத்தாம் உறுப்புரையும் 14(1)(உ) உறுப்புரையும் தரும் உரிமைகளை எல்லாச் சமயத்தவர்க்கும் காப்பதாக உறுதி கூறுகிறது. தனித்தும் கூடியும், மறைவிலும் வெளிப்படையாகவும் வழிபடும் சுதந்திரம் குடிமக்கள் அனைவர்க்கும் உண்டு. அதற்கு வரம்பு கட்டவேண்டின் சட்டத்தினால் கட்டவேண்டும். காவலரணில் நிற்கும் ஒருவரின் வாய்மொழி சட்டமாகாது. இந்நெறி நடைமுறையில் எவ்வாறு போற்றப்பட்டது? கீரிமலைத் தீர்த்தம் பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுக் கிடந்தது. கன்னியா வெந்நீரூற்றிலோ தொல்பொருளின் பெயரால் பிணக்கு மூண்டு, 2019 ஜூலையில் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பிக்க நேர்ந்தது. நீத்தார்க்குக் கடன் செய்யும் ஊற்றுக்குப் போவதற்கும் நீதிமன்றப் படியேற வேண்டிய நிலை எவர்க்குப் பெருமை?

எனினும், பிறர் குற்றம் மட்டும் பேசி அமைதல் நமக்குத் தகாது. 2019இல் சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சர வழியிலே நாட்டிய வளைவு பிடுங்கியெறியப்பட்டது. பிடுங்கியவரும் தமிழர், நாட்டியவரும் தமிழர். சமயம் வேறாயினும் மொழியும் துயரும் ஒன்றாய் உள்ள மக்கள் ஒரு வளைவுக்காகப் பகைத்து நிற்பதைக் கண்டு மகிழ்ந்தோர் யாவர் என்பதை இரு சாராரும் சிந்திப்பாராக. 1990 ஒக்டோபரில் முசலி உள்ளிட்ட வடபுலத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அன்று அவர்கள் இழந்ததும் வீடும் பள்ளிவாசலும் கிணறும் வழியுமே. 2007இல் முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்கள் ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட, கடற்படை அங்கே முகாமிட்டது. தம் ஆலயத்துக்கும் குளத்துக்கும் தடையின்றிச் செல்லவே அவர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தனர். பாலாவிக்கு வழி கேட்கும் நாம் இவர்களுடைய வழிக்கும் வாதாடக் கடமைப்பட்டோம். தனக்கு மட்டும் கேட்பது சலுகை. அனைவர்க்கும் கேட்பதே உரிமை.

ஆதலின் நாம் வேண்டுவன இவை. பாலாவியையும் அதற்கு நீர் தரும் வழிகளையும் அளந்து, எல்லைக்கல் நாட்டி, அரச வரைபடத்தில் ஐயத்துக்கிடமின்றிக் குறித்தல் வேண்டும். அப்பணியில் கோயிலாரோடு கமக்காரர் அமைப்புகளுக்கும் இடமளித்தல் வேண்டும். திருவிழாக் காலங்களில் வழியமைப்பதையும் அலங்காரங்களையும் பற்றி மூன்று சமயப் பெரியோரும் முன்கூட்டியே கூடி முடிவு செய்தல் வேண்டும். நீராடச் செல்வோர் சவர்க்காரமும் பிளாஸ்ரிக் பையும் கரைக்குக் கொண்டு செல்லாதிருத்தல் வேண்டும். அரசிடம் கேட்பது பாதி. நம்மிடம் நாமே கேட்பது மறுபாதி.

படையெடுத்து வந்தோர் கோயிலை இடித்தனர். குளத்தை அவர்களால் இடிக்க முடியவில்லை. நானூறு ஆண்டு இடர் கடந்து நம் கைக்கு வந்த நீர் அது. அதைத் தூரவிட்டோம் என்ற பழி நம் தலைமுறைக்கு வேண்டாம்.