பியானோ பயில்வோர் எதைத் தெரிந்துகொள்வது?



"ஐயா, பியானோவில் கிளாசிக்கல் படிப்பதா, தற்கால இசை படிப்பதா?" என்று வாலிபர் கேட்கின்றனர். பெற்றோர் கிரேடு சான்றிதழை நாடுகின்றனர். பிள்ளைகளோ ஞாயிறு ஆராதனையில் கார்ட்ஸ் வாசிக்க விரும்புகின்றனர்.

1723 முதல் லைப்சிக் நகரின் தோமா ஆலய இசைப்பொறுப்பை வகித்த பாக்கை நினைத்துப் பாருங்கள். அக்காலத்தில் ஆர்கன் வாசிப்பவர்முன் பலவேளை பேஸ் சுரங்களும் சில எண்களுமே இருக்கும். மற்றவற்றை அவரே அமைத்து வாசிப்பார். இன்றைய கார்ட்ஸ் தாளும் ஏறக்குறைய அதுவே. அதே பாக்தான் 1722-இல் 24 ஸ்கேல்களிலும் மாணவருக்குப் பயிற்சி இசை எழுதினார்.

ஆயினும், ஆசிரியரிடம் முறையாகப் பயில ஒன்றையே தெரிந்துகொள்ள வேண்டுமெனில், கிளாசிக்கலையே தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். இரு கைகளும் தனித்தனியே இயங்கும் வலிமையும், நோட்டேஷனைக் கண்டவுடன் வாசிக்கும் திறனும் நெடுநாள் பயிற்சியால் வருபவை. கார்ட்ஸைப் பாடகரோடு அமர்ந்து பிற்பாடும் கற்கலாம். ஜாஸ் மேதை ஹெர்பி ஹான்காக் 11 வயதில் சிகாகோ சிம்பொனியுடன் மொசார்ட்டை வாசித்தவர்.

ஆனால் ஓர் எச்சரிப்பு. எட்டாம் கிரேடு முடித்தும், சபையாரின் குரலுக்கேற்பச் சுருதியை இறக்க அறியாமல் திகைத்தோரைக் கண்டிருக்கிறேன். ஆகவே தினமும் பதினைந்து நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு பாமாலைப் பாட்டை வேறு ஸ்கேலில் வாசியுங்கள்.

தாவீதின் நாட்களில் கர்த்தரைப் பாடக் கற்றுத் தேர்ந்தவர் 288 பேர் என்று 1 நாளாகமம் 25 கூறுகிறது. அவர்களும் கற்றே தேர்ந்தார்கள். உங்கள் வாசிப்பைக் கேட்டுச் சபையின் கடைசி வரிசையில் இருப்பவரும் தயக்கமின்றிப் பாடுவாரானால், உங்கள் கல்வி பயன் தந்தது.