குரங்கா, சூரியனா?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற வழியில், பாலுசெட்டி சத்திரம் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த தலம் என்பார்கள். எனக்கு அது ஒரு கிளாஸ் ரூம்!

1017-ல் பிறந்த ராமானுஜர், இளம் வயதில் இங்கேதான் யாதவப் பிரகாசரிடம் படித்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். ஒருநாள் பாடம், சாந்தோக்ய உபநிடதம். இறைவனின் கண்களைத் தாமரையோடு ஒப்பிடும் இடத்தில் 'கப்யாசம்' என்றொரு சொல். 'கபி' என்றால் குரங்கு. குரங்கின் பின்புறம் போலச் சிவந்த தாமரை என்றாராம் குரு. மாணவர் கண்ணில் நீர். ஆனால், அழுததோடு நிற்காமல் அதே சொல்லை வேறு மாதிரி பிரித்துக்காட்டினார். 'கம்' என்றால் தண்ணீர்; அதைக் குடிப்பவன் சூரியன். ஆக, சூரியனால் மலர்ந்த தாமரை!

குருவுக்குக் கோபம். (கொலைச் சதி வரை போனதாம். நம்ம வாத்தியார்கள் எவ்வளவோ தேவலை!) ஒன்பதாவதில் கணக்கை வேறு வழியில் போட்டதற்கு எனக்கு மார்க் போனது. அப்புறம் நான் வகுப்பில் கையே தூக்கவில்லை.

பத்தாம் வகுப்புத் தமிழில் 'பொதுமொழி' வருகிறதே, வேங்கை என்றால் மரம், வேம் + கை என்றால் வேகிற கை... அதை மார்க்குக்காக மனப்பாடம் செய்கிறோம். இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் பிள்ளையிடம் 'தாமரை'யைப் பிரிக்கச் சொல்லுங்கள். தாவும் மரை, அதாவது மான், வருகிறதா பாருங்கள். 'எப்படி?' என்றும் கேளுங்கள்.

யாதவப் பிரகாசரா? பிற்காலத்தில் அந்த மாணவருக்கே சீடரானார்.