மென்மணல் என்னும் மயக்கம்

கடற்கரை மணல் மென்மையானது, ஆகவே அது குதிரையின் கால்களுக்கு இதமானது என்னும் நம்பிக்கை, சென்னை மெரீனாவில் குதிரையேறிப் பார்த்தவர்களிடமும், திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிக் கரைகளைக் கண்டதும் அங்கே குதிரையோட்ட ஆசைப்படுபவர்களிடமும் ஒருசேர வேரூன்றியிருக்கிறது. மனிதப் பாதத்திற்குச் சுகமானது குளம்புக்கும் சுகமாகவே இருக்கும் என்ற ஊகத்தைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் கிடையாது. அப்படி ஊகிப்பவர் காய்ந்த மணலில் சிறிது தூரம் ஓடிப் பார்த்திருந்தால் அவருடைய கெண்டைக்காலே பதில் சொல்லியிருக்கும்.

குதிரைக்கும் அதே நிலைதான். டிராட் எனப்படும் துள்ளுநடையில், அதன் முன்னங்கால் ஒன்றும் அதற்குக் குறுக்கே எதிர்ப்புறப் பின்னங்காலும் சோடியாக ஊன்றி எழ, அடுத்து மற்றச் சோடி ஊன்றுகிறது. இடையில் நான்கு குளம்புகளும் நிலத்தை விட்டு உயர்ந்திருக்கும் ஒரு கணம் உண்டு என்பதை எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் கலிபோர்னியாவில் எடுத்த ஒளிப்படங்கள் ஐயமற நிறுவின. அந்தக் கணத்தை உண்டாக்கும் உந்துதலுக்குப் பிடிமானமுள்ள தரை வேண்டும். காய்ந்த மணலிலோ, குளம்பு இறங்கும்போது மணல் விலகி அதிர்ச்சியைக் குறைப்பது உண்மையேயாயினும், எழும்போது குளம்பின் நுனி உள்ளே புதைந்துகொள்வதால், உந்துதலின் ஒரு பங்கு மணலைப் பின்னே தள்ளுவதிலேயே வீணாகிறது. பிரான்சின் அல்ஃபோர் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கடற்கரை மணலில் வண்டியிழுக்கும் பந்தயக் குதிரைகளை ஓடவிட்டு 2010இல் வெளியிட்ட அளவீடுகளும், ஆழமான மணலில் குதிரை எட்டைக் குறுக்கி அடிக்கடி கால் வைப்பதையே காட்டின. அதிர்ச்சி குறைந்ததென்று மகிழ்பவர்கள் உழைப்புக் கூடியதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதுகில் ஆளும் ஏறிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகிறது. சேணத்தை விட்டு எழாமல் அமர்ந்தே சவாரி செய்பவரின் பாரம், ஒவ்வொரு துள்ளலிலும் அவருடைய எடையைப் போல் இருமடங்குக்கும் மேலான விசையாகக் குதிரையின் முதுகில் இறங்குகிறது. பழகாதவர் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க, தலை மேலெழுந்து முதுகு குழிந்து, ஏற்கெனவே குறுகிய எட்டு மேலும் குறுகுகிறது. தலை நிமிர்ந்த அந்தத் தோற்றத்தைக் கம்பீரம் என்று படம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

நீரோரத்து ஈரமணலில் ஓட்டினால் போயிற்று என்பது வழக்கமான மறுமொழி. இறுகிய ஈரமணல் நல்ல தரைதான். ஆனால் வற்றுப்பெருக்கின் உயர வேறுபாடு பல மீட்டராக இருக்கும் வட பிரான்சின் கரைகளில் அகன்று சமமாகக் கிடைக்கும் அந்தத் தரை, அவ்வேறுபாடு ஒரு மீட்டரையும் எட்டாத திருகோணமலையில் கடலை நோக்கிச் சாய்ந்த ஒடுங்கிய பட்டையாகவே கிடைக்கிறது. அதில் ஓடும் குதிரையின் கடற்பக்கக் கால்கள் எப்போதும் தாழ்வான இடத்தில் ஊன்றுவதால், ஒவ்வொரு குளம்பும் ஒருக்களித்து விழுந்து, மூட்டுகளும் தசைநாண்களும் பக்கவாட்டில் முறுக்கப்படுகின்றன. போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது மறுபக்கம் என்பதால் எல்லாம் சமனாகிவிடும் என்பாரும் உண்டு. இரண்டு பக்கமும் வருந்துவதற்குப் பெயர் சமன் என்றால் அவர்கள் சொல்வது சரிதான்.