பார்வையற்றார்க்கு அடைபட்ட இரு கதவுகள்

ஓர் அரசு மக்கள் எல்லார்க்கும் உரியதா, வல்லார் சிலர்க்கே உரியதா என்பதை அமைதிக் காலத்தில் அளந்தறிதல் அரிது. கொள்ளைநோய்க் காலமோ அதனைத் தெற்றெனக் காட்டிவிடும். 2020 மார்ச்சு 25 முதல் நாடே அடங்கிக் கிடந்த கொரோனாக் காலத்தில் இந்திய ஒன்றியத்தின் மாற்றுத்திறனாளர் பட்ட பாடு அத்தகையதோர் அளவுகோலாம்.

தொடுதலே தீங்கென்று உலகம் அஞ்சிய காலம் அது. தொட்டுணர்ந்தே வழியறியும் பார்வையற்றார்க்கு அவ்வச்சம் கையைக் கட்டியது. உதட்டசைவால் பேச்சறியும் செவிப்புலன் குன்றியோர்க்கு முகமூடி சொல்லையே மறைத்தது. அந்நிலையில் கணிப்பொறியும் கைப்பேசியும் அவர்க்குப் பெருந்துணையாகியிருத்தல் வேண்டும். திரையில் உள்ளதை ஒலித்துக்காட்டும் மென்பொருள்கள் முன்னரே உள. பார்வையற்றவராகிய ஆத்திரேலியர் மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' விலையின்றியே கிடைப்பது, தமிழையும் ஒலிப்பது. ஆகவே, குறை கருவியில் இல்லை. அக்கருவிக்கு இடந்தராத தளங்களை அமைத்தாரிடமே உள்ளது.

2021 மே முதல்நாள் 18 முதல் 44 அகவையினர்க்குத் தடுப்பூசி திறந்துவிடப்பட்டபோது, 'கோவின்' இணையத்தளத்தில் முன்பதிந்தாலன்றி ஊசியில்லை என நடுவணரசு விதித்தது. அரசு ஊசி நடுவங்களில் நேரிற்பதியலாம் என்னும் தளர்வு மே 24ஆம் நாளே வந்தது. அத்தளத்திலோ, படத்தில் நெளிந்து தோன்றும் எழுத்துகளைக் கண்டு பதியுமாறு கேட்கும் காப்புத்தேர்வுக்கு ஒலிவடிவம் இல்லை. அகவை, ஊசிவகை முதலியவற்றைத் தெரிவுசெய்யும் பகுதிகளும் பார்வையற்றார்க்கு எட்டும்படி அமைக்கப்படவில்லை. இக்குறைகளை உச்ச முறைமன்றமே 2021 மே 31ஆம் நாளைய ஆணையில் எடுத்துக்காட்டி, 'கோவின்' தளத்தையும் 'ஆரோக்கிய சேது' என வடமொழிப் பெயர் பூண்ட செயலியையும் மாற்றுத்திறனாளர் நோக்கில் தணிக்கை செய்யுமாறு வற்புறுத்தியது.

இஃது ஒரு கதவு. மற்றொரு கதவு மொழி. அவ்வாண்டுச் சூன் தொடக்கத்தில் அத்தளத்தில் இந்தியும் வேறு பல மொழிகளும் ஏற்றப்பட்டபோது, தமிழ் விடுபட்டிருந்தது. எதிர்ப்பெழுந்த பின்னரே சேர்க்கப்பட்டது. ஆங்கிலமறியாத தமிழனுக்கு ஒரு கதவு அடைபட்டது. ஆங்கிலமறியாத பார்வையற்ற தமிழனுக்கோ இரு கதவுகளும் ஒருசேர அடைபட்டன. தன் அடையாள எண்ணையும், கைப்பேசிக்கு வரும் மறையெண்ணையும் பிறர் கையில் ஒப்புவித்தே உயிர்காக்கும் ஊசிக்கு அவன் பதியவேண்டியிருந்தது.

இதனை இரக்கத்திற்குரிய செய்தியாகக் கொள்வாரும் உளர். அன்று, இஃது உரிமைச் செய்தி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் பேரிடர்க் காலத்தில் அவர்க்கு ஒத்த பாதுகாப்பையும், மின்னணு வழிச் செய்திகள் அவர்க்கு எட்டுவதையும் அரசின் கடமையாக்கியுள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, ஒன்றியத்தில் மாற்றுத்திறனாளர் 2.68 கோடிப் பேர். தமிழகத்தில் மட்டும் 11.79 இலக்கம் பேர். இத்துணைப் பெருந்தொகையினரை மறந்து அமைத்த தளத்தைப் பொதுத்தளம் என்றல் எங்ஙனம் பொருந்தும்?

தில்லியைக் கடிந்துரைப்பதோடு தமிழர் கடன் தீர்ந்துவிடாது. தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்றது. ஆயினும், பழைய எழுத்துருக்களில் கோத்த ஆவணங்களும், படமாக்கி வெளியிடும் அறிவிப்புகளும் இன்றும் உலவுகின்றன. ஒலிக்கும் மென்பொருளிடம் கொடுத்தால் முன்னவை பொருளற்ற ஒலிக்குப்பையாகும். பின்னவை பெரும்பாலும் ஊமையாகும். தனித்தமிழில் யாத்த நூலேயாயினும், வெறும் படமாக ஏற்றப்படின் பார்வையற்ற தமிழனுக்கு அது வெற்றுத்தாளே. பிறமொழிக் கலப்பை நீக்கித் தமிழைக் காப்பார், அத்தமிழ் தமிழர் அனைவர்க்கும் எட்டுகின்றதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

எனவே, அரசு அறிவிப்பு ஒவ்வொன்றும் ஒருங்குறித் தமிழ் எழுத்தாகவே வெளிவருக. காப்புத்தேர்வுகளுக்குத் தமிழொலி அமைக. எத்தளமும் பொதுமக்களுக்குத் திறக்கப்படுமுன் மாற்றுத்திறனாளர் கையால் ஆய்ந்து பார்க்கப்படுக. தமிழியக்கங்கள் தம் இதழ்களையும் நூல்களையும் இம்முறையிலேயே வெளியிட்டு வழிகாட்டுக.

அடுத்த கொள்ளைநோய் நாள்குறித்து வாராது. அது வருமுன் இவ்விரு கதவுகளும் திறந்திருத்தல் வேண்டும். அரசு தானே திறவாதெனின், தமிழ் மக்கள் ஒன்றுபட்டுத் திறப்பிப்பாராக!