அந்த 50 நாட்களுக்குப் பொறுப்பு யார்?

கோயம்புத்தூர் – பாலக்காடு நெடுஞ்சாலையில், மாநில எல்லையை ஒட்டி அமைந்தது வாளையார். 2017 ஜனவரி 13 அன்று அங்கு ஒரு தலித் கட்டுமானத் தொழிலாளியின் ஒற்றை அறை வீட்டில் 13 வயதுச் சிறுமி தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டாள். மார்ச் 4 அன்று அவளுடைய 9 வயதுத் தங்கையும் அதே வீட்டில், அதே நிலையில் காணப்பட்டாள். இருவருமே பாலியல் கொடுமைக்கு ஆளானதற்கான தடயங்களை உடற்கூறாய்வு சுட்டிக்காட்டியது. இவை கொலைகளா, தற்கொலைகளா என்ற முதல் கேள்விக்கே நீதிமன்றத்தின் முடிவான விடை இன்னும் கிட்டவில்லை. சமூக ஊடகங்களுக்கோ இந்தத் தயக்கம் எதுவும் இல்லை. அங்கு தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது.

அந்தத் தீர்ப்புகளின் போக்கைக் கவனிக்க வேண்டும். தாயின் அழுகை உண்மையானதா, பெற்றோரின் ஒழுக்கம் எத்தகையது, போராட்டத்துக்குப் பின்னால் எந்தக் கட்சி இருக்கிறது என்றெல்லாம் ‘நோக்கம்’ தேடப்படுகிறது. மூத்த சிறுமியின் ‘சம்மதம்’ பற்றிப் பேசும் இழிவும் நடந்தேறியது. 18 வயது நிறைவடையாத குழந்தையின் சம்மதம் என்ற ஒன்றைப் போக்சோ சட்டம் அறியாது. குழந்தையையும் குடும்பத்தையும் அடையாளம் காட்டுவதை அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. கைப்பேசித் திரையில் துப்பறிவோருக்கு இவ்விரண்டுமே பொருட்டல்ல.

நோக்கம் பற்றிய இத்தனை ஊகங்களிலும் ஒரு கேள்வி மட்டும் எழுவதில்லை: முதல் மரணத்துக்கும் இரண்டாவது மரணத்துக்கும் இடைப்பட்ட 50 நாட்களில் அரசு இயந்திரம் என்ன செய்துகொண்டிருந்தது? முகத்தை மறைத்த இருவர் வீட்டிலிருந்து வெளியேறியதைக் கண்டதாகத் தங்கை கூறியிருந்தாள். வழக்கின் உயிர்நாடியான சாட்சி அவளே. எனினும் அவளுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவில்லை. அவள் இறக்கும்வரை எவரும் கைது செய்யப்படவுமில்லை. பெற்றோர் எதை அறிந்திருந்தனர் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். காவல்துறை எதை அறிந்திருந்தது என்பதற்கு மூத்த சிறுமியின் உடற்கூறாய்வே சான்று.

பின்னர் நடந்தவை இந்த அலட்சியத்தின் தொடர்ச்சியே. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவருக்காக வழக்கறிஞராகத் தோன்றியவரே மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக அமர்த்தப்பட்டிருந்தார். கண்டனம் எழுந்த பிறகே அவர் நீக்கப்பட்டார். 2019 அக்டோபருக்குள் குற்றஞ்சாட்டப்பட்ட நான்கு ஆண்களும் போதிய சான்றில்லை என்று விடுதலை பெற்றனர். 2021 ஜனவரியில் அவ்விடுதலையை ரத்து செய்த கேரள உயர் நீதிமன்றம், புலனாய்விலும் வழக்கு நடத்தியதிலும் இருந்த கடும் குறைகளைக் கண்டித்து மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. வழக்கை ஏற்ற சிபிஐ, இவை தற்கொலைகளே என்று அவ்வாண்டு டிசம்பரில் அறிக்கை அளித்தது. 2022 ஆகஸ்டில் பாலக்காடு நீதிமன்றம் அதை நிராகரித்து மேல் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் அதே சிபிஐ பெற்றோரையே குற்றஞ்சாட்டப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. நீதி கேட்டவர்களே குற்றவாளிக் கூண்டுக்கு அழைக்கப்பட்டனர். ஊகக்காரர்கள் தங்கள் வாக்கு பலித்ததாகக் கொண்டாடினர்.

எல்லையை ஒட்டிய இடுக்கி மாவட்டத்திலும் இதே கதைதான். 2021 ஜூன் 30 அன்று வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் ஆறு வயதுச் சிறுமி தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டாள். 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞரை விடுவித்தபோது புலனாய்வின் குறைகளையே காரணமாகச் சுட்டியது. கட்டுமானக் கூலி வீடாயினும் தோட்ட லயமாயினும், உழைப்பாளியின் குழந்தை இறந்தால் தடயம் சேகரிக்கும் கை தளர்ந்துவிடுகிறது.

ஊகம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 2008இல் நொய்டாவில் நடந்த இரட்டைக் கொலை வழக்கு உணர்த்துகிறது. காவல்துறையும் தொலைக்காட்சிகளும் புனைந்த ‘நோக்கங்கள்’ இறந்த சிறுமியின் நடத்தையையே களங்கப்படுத்தின. மருத்துவர்களான பெற்றோர் ஆயுள் தண்டனை பெற்று, 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். அவர்களுக்கே ஒன்பதாண்டுகள் தேவைப்பட்டன என்றால், நாட்கூலியை இழந்து நீதிமன்றப் படியேறும் தொழிலாளியின் கதி என்ன?

வாளையாரில் இரு சிறுமிகளும் இறந்தபோது கேரளத்தில் ஆட்சியில் இருந்தது இடது ஜனநாயக முன்னணி. இடதுசாரி அணிகள் இதை மறைக்கவும் வேண்டாம். மறைத்துப் பயனும் இல்லை. காவல்துறை எந்த ஆட்சியிலும் தன் வர்க்க, சாதிச் சாய்வைத் தானாகக் கைவிடாது. அதைக் கட்டுப்படுத்துவது அரசியல் தலைமையின் கடமை. அக்கடமை தவறியதைச் சுட்டுபவரை எதிரியின் கையாள் என்பதும், தாயின் கண்ணீரில் சதியைத் தேடுவதும் ஒரே வகை ஊகமே.

எனவே உழைக்கும் மக்களின் கோரிக்கைகள் தெளிவானவை. உயர் நீதிமன்ற மேற்பார்வையில் கால வரம்புடன் விசாரணை முடிக்கப்பட வேண்டும். முதல் 50 நாட்களில் கடமை தவறிய ஒவ்வோர் அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும். எல்லைப்புறக் குடியிருப்புகளிலும் தோட்ட லயங்களிலும், பெற்றோர் வேலைக்குச் செல்லும் நேரத்தில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான பகல்நேரக் காப்பகங்கள் வேண்டும். அக்குழந்தைகள் ஏன் இறந்தார்கள் என்று கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு. அக்கேள்வியை இறந்தவர்களின் வீட்டு வாசலில் அல்ல, காவல் நிலையத்தின் வாசலில் நின்று கேட்க வேண்டும்.